தாழிக்குள் உட்கார்ந்த கிழவி

அன்புள்ள ஐயா,

அந்தக் காலத்தில் மனிதருக்குச் சாவே வராதாம். வயதாகிச் சுருங்கிக் குழந்தைபோல ஆனவர்களைத் தாழியில் உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்துப் புதைத்துவிடுவார்களாம். எங்கள் அம்மச்சி சொன்ன கதை இது. எலும்பை ஆராய்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

ராஜன், தக்கலை

அன்புள்ள ராஜன்,

என் அம்மச்சி இன்னொன்றும் சேர்ப்பாள்: திரி எரியும்வரை உள்ளே மூச்சு இருக்குமாம். அன்றிரவு எனக்குத் தூக்கம் கிடையாது.

எலும்பு முதலில் வயதைச் சொல்லும். தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறை எலும்பின் நெஞ்சுப்பக்க முனை கடைசியாகத்தான், இருபதுகளின் பிற்பகுதியில், எலும்புத் தண்டோடு முழுதாக ஒட்டும். ஒட்டாமல் இருந்தால் ஆள் இளவயது. தாழிகளில் நடுவயதுக்காரர்களின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. கிழவர்களுக்கு மட்டுமான ஏற்பாடு அல்ல அது. ‘முதுமக்கள் தாழி’ என்ற பெயரைக் கேட்டுத்தான் கதை பிறந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம், எலும்புகள் கிடக்கும் விதம். விரல், பாதம் போன்ற சின்ன எலும்புகள் இல்லாமல், மண்டையோடும் நீள எலும்புகளும் மட்டும் அடுக்கிக் கிடந்தால், வேறெங்கோ மக்கிய உடலைப் பொறுக்கி எடுத்துவந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அங்கே உயிரோடு புதைத்த பேச்சுக்கே இடமில்லை. ஆதிச்சநல்லூரில் இப்படியும் உண்டு, முழு உடலாக வைத்ததும் உண்டு. முழு உடலாக வைத்த தாழியில், வைத்தபோது மூச்சு இருந்ததா என்று எலும்பு சொல்லாது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்ச் சங்கதி வேறு. இரண்டு பருவமழையும் கொட்டி, மண்ணிலிருக்கும் சுண்ணாம்பை அடித்துப்போய்விடும். அப்படி அமிலம் ஏறிப் புளித்த செம்மண்ணில் எலும்பு கரைந்துபோகும். சிறுவயதில் பக்கத்து விளையில் வீட்டுக்கு வானம் தோண்டியபோது ஒரு தாழி உடைந்தது. உள்ளே சிவந்த மண், கறுப்புச் சட்டி ஒன்று, ஒரேயொரு கடைவாய்ப் பல். வேர் கரைந்து, மேல்மூடி மட்டும் சிப்பிபோல மின்னியது. பல்லின் எனாமல்தான் கடைசிவரை நிற்கும். அது குழந்தைப் பருவத்திலேயே உருவாகிவிடுவதால், அன்று குடித்த தண்ணீர், தின்ற சோறு வழியாக அந்த மண்ணின் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் அதில் தங்கிவிடும். அதன் வகைகளின் விகிதம் மண்ணுக்கு மண் மாறும். அதை அளந்தால், அந்த ஆள் இங்கேயே வளர்ந்தவரா, வேறு மண்ணிலிருந்து வந்தவரா என்று யூகிக்கலாம். தேய்மானத்தைப் பார்த்து வயதையும் ஓரளவு சொல்லலாம்.

இதெல்லாம் அன்று யாருக்குத் தெரியும்? கொத்தனார் அதைக் கைலியில் துடைத்துப் பார்த்துவிட்டு மரச்சீனி மூட்டில் எறிந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.