ரத்தக்கறை படிந்த சட்டையை பிளாஸ்டிக் பையில் போடலாமா?

கேள்வி: அமெரிக்க, பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களைப் பத்து ஆண்டுகளாக விடாமல் பார்க்கிறேன். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் நண்பர்களுக்கு விமர்சனம் எழுதி அனுப்புவது வழக்கம். மரபணுப் பரிசோதனை முடிவு ஒரே நாளில் வந்துவிடுவதையும், கைது செய்யும்போது உரிமைகளை (பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம்) படித்துக் காட்டாததையும்தான் பெரும்பாலும் குறை சொல்வேன். "நீ பிடிக்கும் பிழைகள் எல்லாம் அற்பமானவை; பெரிய ஓட்டைகள் உன் கண்ணில் படுவதே இல்லை" என்று ஒரு நண்பர் இப்போது எழுதியிருக்கிறார். புலன்விசாரணையிலும் நீதிமன்றக் காட்சிகளிலும் எதைப் பிழை என்று எழுதலாம், எதை மன்னித்துவிடலாம்? இன்னொன்று: தொடர் ஓடும்போது நான் வாய் திறந்தால் வீட்டில் எல்லோருக்கும் கோபம் வருகிறது. அதற்கும் வழி உண்டா?

பதில்:

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. குற்றவியல் வழக்குகள் நடத்துவது என் பிழைப்பு. இரவில் உட்கார்ந்து இதே தொடர்களைப் பார்ப்பது என் பலவீனம். இரண்டு தரப்பிலும் நின்று சொல்கிறேன்.

நேரத்தைக் குறை சொல்வதை விட்டுவிடுங்கள். மரபணுப் பரிசோதனை ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் நடப்பதில்லை. மாதிரி மேசைக்கு வந்துவிட்டால் ஓரிரு நாளில் முடித்துவிடலாம். மாதங்களைத் தின்பது, மேசைக்கு வருவதற்கு முன்னால் நிற்கும் வரிசை. பெரிய கொலை வழக்கு என்றால் வரிசையைத் தாண்டி முன்னால் எடுப்பார்கள். ஆகவே மறுநாள் காலையில் முடிவு வந்தால் அது கதையின் சுருக்கெழுத்து. சமையல் நிகழ்ச்சியில் மாவு உடனே பொங்கிவிடுவதைப் போல.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்தச் சான்றின் மீது யாருக்கு, எந்த இடத்தில் ஐயம் எழும்? தொடர் அந்த ஐயத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறதா, மறைத்துவிடுகிறதா? மறைத்தால் அது பிழை. சட்டத்துக்கும் பிழை, கதைக்கும் பிழை. ஐயம் போன இடத்தில் பதற்றமும் போய்விடுகிறது.

தலைப்பில் இருக்கும் சட்டையை எடுத்துக்கொள்வோம். தடயவியல் ஊழியர் கையுறை போட்ட கையால் ரத்தம் தோய்ந்த சட்டையைத் தூக்கி, பளபளப்பான பிளாஸ்டிக் பையில் போட்டு, மூடி, வெளிச்சத்தில் காட்டுகிறார். நமக்குச் சட்டை தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பை. உண்மையில் ஈரமான துணியைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக்கில் அடைத்தால் உள்ளே ஈரம் தங்கும், நுண்ணுயிர்கள் பெருகும், மரபணு சிதையும். அதனால்தான் துணியை உலரவிட்டுக் காகிதப் பையில் வைக்கிறார்கள். காகிதப் பைக்குள் இருப்பது கேமராவுக்குத் தெரியாது, அதனால் தொடர்கள் அதை வெறுக்கின்றன. இந்த ஒரு பையை வைத்தே, தயாரிப்புக் குழு தடயவியல் தெரிந்தவர் ஒருவரிடம் பேசியதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பையைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பை யார் யார் கைக்குப் போனது என்பது. எடுத்தவர், முத்திரை வைத்தவர், வண்டியில் கொண்டுபோனவர், ஆய்வுக்கூடத்தில் பெற்றுக்கொண்டவர், திறந்தவர் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பெயரும் தேதியும் நேரமும் கையொப்பமும் வேண்டும். தொடரில் துப்பறிவாளர் கோட்டுப் பையிலிருந்து துப்பாக்கிக் குண்டை எடுத்து மேசையில் வைக்கிறார். எல்லோரும் வியக்கிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞராக இருந்தால் நான் அந்த இடத்தில் அவருக்கு மனதார நன்றி சொல்வேன்.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தால், ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். 2007இல் ஹைல்புரோன் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த மரபணு, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் ஏறக்குறைய 40 குற்ற இடங்களில் கிடைத்த ஒரு பெண்ணின் மரபணுவோடு பொருந்தியது. கொலை, கொள்ளை, சில்லறைத் திருட்டு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குற்றங்கள். முகம் தெரியாத அந்தப் பெண்ணைக் காவல்துறை ஆண்டுக்கணக்கில் தேடியது. 2009இல் உண்மை தெரிந்தது: மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளிலேயே அந்த மரபணு இருந்தது. அவற்றைத் தயாரித்துப் பொதியும் வேலையில் இருந்த ஒருவருடையது அது. ஆய்வுக்கூடம் சொன்னது பொய்யில்லை. மரபணு பொருந்தத்தான் செய்தது. அது அந்தக் குச்சிக்கு எப்படி வந்தது என்ற கேள்விதான் தாமதமாக வந்தது. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதை எழுதியிருந்தால் நாமே "நம்ப முடியவில்லை" என்று எழுதியிருப்போம்.

கைரேகையும் இப்படித்தான். திரையில் இரண்டு ரேகைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்கின்றன, சிவப்பு எழுத்தில் "பொருந்தியது" என்று மின்னுகிறது, பக்கத்தில் குற்றவாளியின் புகைப்படமும் வந்துவிடுகிறது. நிஜத்தில் குற்ற இடத்தில் கிடைத்த ரேகையைக் கணினியில் கொடுத்தால், ஒத்துப்போகக்கூடிய சிலரின் பட்டியல் வரும். அதன் பிறகு ஒரு மனிதர் உட்கார்ந்து, கோடு கோடாக ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும். மனிதர் தவறலாம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு பையின் மீதிருந்த ரேகை, அமெரிக்காவின் ஆரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. அடித்துச் சொன்னது. அவரை இரண்டு வாரம் காவலில் வைத்தது. ஸ்பெயின் காவல்துறை அதே ரேகை வேறொருவருடையது என்று கண்டுபிடித்த பிறகு எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. ஆக, நீங்கள் பார்க்கும் தொடரில் நிபுணர் "நூறு சதவீதம்" என்று சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அவரை யாரும் அந்த வார்த்தையில் பிடித்து உலுக்கவில்லை என்றால் விமர்சனத்தில் எழுதுங்கள்.

இறந்த நேரத்தை "பத்தே காலிலிருந்து பத்தரைக்குள்" என்று சொல்லும் மருத்துவரையும் விடாதீர்கள். உடல் குளிரும் வேகம் அறையின் வெப்பம், உடுப்பு, உடல் பருமன் என்று பலவற்றைப் பொறுத்தது. நேர்மையான மருத்துவர் சில மணி நேர இடைவெளியைத்தான் தருவார். கண்காணிப்பு கேமராவின் மங்கலான படத்தைப் பெரிதாக்கி வண்டி எண்ணைப் படிப்பதைப் பற்றி எழுதவே வேண்டாம். படத்தில் பதிவாகாததைப் பெரிதாக்கிக் கொண்டுவர முடியாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும்.

இனி உங்கள் இரண்டாவது குறை. கைது செய்தவுடன் உரிமைகளைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது தொடர்கள் நமக்குக் கற்பித்த பாடம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1966 மிராண்டா தீர்ப்பு கேட்பது வேறு: காவலில் இருப்பவரிடம் கேள்வி கேட்பதற்கு முன் சொல்ல வேண்டும். கேள்வியே கேட்காமல் அழைத்துப் போனால் படிக்காததால் பிழையில்லை. படிக்காமல் கேள்வி கேட்டால், அப்போது சொன்னதை அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. கைது செல்லாமல் போவதில்லை, வழக்கும் தானாக விழுவதில்லை. "உரிமையைப் படிக்கவில்லை, விடுதலை!" என்று ஒரு தொடர் முடிந்தால் அதைத் தாராளமாகக் கிழிக்கலாம்.

பிரிட்டிஷ் தொடருக்கு அமெரிக்க அளவுகோலைக் கொண்டுபோகாதீர்கள். இங்கிலாந்தில் 1994 சட்டத்துக்குப் பிறகு சொல்லப்படும் எச்சரிக்கையில் ஒரு முள் இருக்கிறது. பேச வேண்டிய கட்டாயம் இல்லை; ஆனால் பின்னால் நீதிமன்றத்தில் நம்பப்போகும் ஒன்றை இப்போது கேட்டபோது சொல்லாமல் விட்டால் அது பாதகமாகலாம். அதனால்தான் அந்தத் தொடர்களில் "கருத்து இல்லை, கருத்து இல்லை" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கும் காட்சிக்கு அவ்வளவு கனம். அந்த மௌனம் நாளை ஜூரியின், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவின், முன்னால் வரலாம். அதேபோல, "உன் கூட்டாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்" என்று விசாரிப்பவர் பொய் சொன்னால், அமெரிக்கக் காட்சியில் அது பிழையில்லை. 1969இல் வந்த ஒரு தீர்ப்பு, அப்படிப் பெற்ற வாக்குமூலம் அந்த ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது என்றது. பிடிக்காவிட்டால் காவல்துறையைத் திட்டலாம். எழுத்தாளரைத் திட்ட முடியாது.

நீதிமன்றத்துக்கு வருவோம். என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் காட்டமாகவே இருப்பேன்.

சாட்சி கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையின் ஆறாவது நிமிடத்தில் "ஆமாம், நான்தான் கொன்றேன்!" என்று கதறுவதை என் காலத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நல்ல குறுக்கு விசாரணை பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கும். சின்னச் சின்னக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல வழியில்லாத கேள்விகள்.

இளையவனாக இருந்தபோது ஒரு வழக்கில் நானே செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். சான்றுப் பொருள் இருந்த உறை மீது 14ஆம் தேதி. பதிவேட்டில் 15.

"உறைக்கு முத்திரை வைத்தது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"உறையில் தேதி எழுதியதும் நீங்கள்தான்?"

"ஆமாம்."

"பதிவேட்டில் எழுதியதும்?"

"ஆமாம்."

"இரண்டும் வேறு வேறு தேதி."

"ஆமாம்."

அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். ஐயம் நீதிபதியின் மேசை மீது இருந்தது, தீர்ப்பு எழுதும்போது எடுத்துக்கொள்ள அவர் தயாராக இருந்தார். நான் "ஏன்?" என்று கேட்டேன். "முத்திரை வைத்தது இரவு பதினொன்றே முக்காலுக்கு; பதிவேட்டை எடுத்து எழுதும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது" என்றார் சாட்சி, மிகவும் பணிவாக. என் மூத்த வழக்கறிஞர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தொடரிலாவது ஒரு வழக்கறிஞர் சரியான இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருவதைப் பார்த்தால், அந்தத் தொடருக்கு உங்கள் விமர்சனத்தில் ஒரு பத்தி கூடுதலாகக் கொடுங்கள்.

கடைசி நிமிடச் சாட்சி கதவைத் திறந்துகொண்டு வருவதும் பெரும்பாலும் ஏமாற்று வேலை. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு பிரேடி தீர்ப்பின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்றை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது. இங்கிலாந்திலும் 1996 சட்டம் இதற்கென விரிவான கடமைகளை வைத்திருக்கிறது. திடீரென்று ஒன்றைக் கொண்டுவந்தால் மறுதரப்பு அவகாசம் கேட்கும், நீதிபதி அதை ஏற்க மறுக்கவும் செய்யலாம். உண்மையான அதிர்ச்சி வேறு திசையிலிருந்து வரும்: நம் சாட்சி, நாம் பலமுறை வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்த சாட்சி, கூண்டில் ஏறியதும் பிறழ்வார். அதை எழுதிய தொடர்கள் மிகக் குறைவு. எனக்கு அது ஏன் என்று புரியவே இல்லை.

வழக்கறிஞர் நீண்ட பிரசங்கம் செய்து சாட்சியை அவமானப்படுத்திவிட்டு, மறுதரப்பு ஆட்சேபித்ததும் "கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்" என்று புன்னகைத்து உட்காருகிறாரே, அந்தத் தந்திரத்தை ஒருமுறை மன்னிக்கலாம். ஒரே வழக்கில் மூன்று முறை செய்தும் நீதிபதி பார்த்துக்கொண்டிருந்தால் அவர் நீதிபதியாக நடிக்கவில்லை, பொம்மையாக நடிக்கிறார். சட்ட வாதம் நடக்கும்போது ஜூரியை வெளியே அனுப்பாமல் எல்லாவற்றையும் அவர்கள் காதில் போடுவதும் இதே வகை. இங்கிலாந்து நீதிபதி மரச் சுத்தியலால் மேசையைத் தட்டினால் மட்டும் சிரித்துவிட்டு மேலே போங்கள். அங்கே நீதிபதிகளுக்குச் சுத்தியல் கிடையாது. ஆனால் கதை அதனால் கெடுவதில்லை.

யாரும் கேட்காத ஒரு கேள்வியை நீங்கள் கேட்கலாம்: இந்த வழக்கு ஏன் விசாரணைக்கே வந்தது? குற்றத்தை ஒப்புக்கொண்டு முடியும் வழக்குகள் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதம், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. ஜூரிக்கு முன்னால் நாம் பார்க்கும் அத்தனை ஆவேசமும் மீதிச் சில வழக்குகளுக்கு உரியது. அரசுத் தரப்பு என்ன பேரம் முன்வைத்தது, குற்றம் சாட்டப்பட்டவர் ஏன் மறுத்தார் என்று ஒரு வரியாவது இருந்தால் அந்த எழுத்தாளருக்கு வீட்டுப்பாடம் செய்யும் பழக்கம் இருக்கிறது.

வீட்டுக் கோபத்துக்கு மருந்து: எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம். ஒரு பகுதிக்கு ஒரே ஒரு முறை தொடரை நிறுத்தி நான் பேசலாம். மற்றதெல்லாம் குறிப்பேட்டில். இதனால் பிழைகளைத் தரம் பிரிக்கவும் பழக்கம் வந்துவிட்டது. சுத்தியலுக்காக யாரும் தன் ஒரே வாய்ப்பை வீணாக்க மாட்டார்கள். என்றாலும் போன வாரம் என் வாய்ப்பு மூன்றாவது நிமிடத்திலேயே செலவாகிவிட்டது. ஈரச் சட்டை, பிளாஸ்டிக் பை.