சவேரியார் பெயரில் ஒரு புதுவீடு

கேள்வி: எங்கள் தாத்தாவின் பெயர் சவரிமுத்து, என் தம்பியின் பெயர் சேவியர். அவனைப் பிரெஞ்சு வகுப்பில் ‘க்ஸவியே’ என்று அழைக்கிறார்கள். கால்பந்து ஒளிபரப்பிலோ ‘ஹவியேர்’ என்று கேட்கிறோம். இவையெல்லாம் ஒரே பெயரா? அதன் பொருள் என்ன? எந்த உச்சரிப்பு சரி?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஒரே பெயர்தான். ஆனால் அது தொடக்கத்தில் ஆட்பெயர் அன்று. ஒரு வீட்டின் பெயராக இருந்து, ஊரின் பெயராகி, அங்கிருந்து குடும்பப் பெயராகி, கடைசியில்தான் பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயராயிற்று.

ஸ்பெயினின் வடபகுதியான நவார்ராவில் ஹவியேர் என்றொரு சிற்றூரும் அதில் ஒரு கோட்டையும் உள்ளன. அவ்வூர்ப் பெயர் ஸ்பானியச் சொல்லன்று, அப்பகுதியில் வழங்கும் பாஸ்க் மொழிச் சொல். அம்மொழியில் ‘எச்சே’ என்றால் வீடு, ‘பெர்ரி’ என்றால் புதிய. பெயரடை பெயருக்குப் பின்னால் வருவது அங்கே வழக்கம் என்பதால் ‘எச்செபெர்ரி’ என்பதை நாம் ‘புதுவீடு’ என்று சொல்லலாம். முதல் உயிர் தேய்ந்து வந்த வடிவமே சவேரியாரின் பெயர். தேயாமல் நின்ற வடிவம் ‘எச்செவெர்ரீயா’ என்னும் குடும்பப் பெயராக இன்றும் வழங்குகிறது; 1970 முதல் 1976 வரை மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக இருந்தவர் லூயிஸ் எச்செவெர்ரீயா. பாஸ்க் மக்களிடையே வீட்டின் பெயரே அதில் வாழ்பவர்களின் பெயராவது பழைய மரபு. ‘பெரியவீட்டார்’, ‘மேலவீட்டார்’ என்று ஊரில் குடும்பங்களைக் குறிக்கும் நமக்கு அது விளங்காத செய்தியன்று.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1506இல் அந்தக் கோட்டையில் பிறந்தார். கோட்டை அவருடைய தாய்வழிச் சொத்து; ஆகவே உலகம் அறிந்த அவருடைய பெயர் தந்தையின் குடும்பப் பெயரிலிருந்து வந்ததன்று, தாய் கொண்டுவந்த வீட்டிலிருந்து வந்தது.

இனி உச்சரிப்பு. அவர் பிறந்த காலத்தில் ஸ்பானிய மொழியின் ‘எக்ஸ்’ எழுத்து ‘ஷ’ ஒலியைக் குறித்தது. அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த ஒலி மெல்லப் பின்னோக்கி நகர்ந்து தொண்டையை ஒட்டிய ‘ஹ’ போலாகிவிட்டது. 1815இல் ஸ்பானிய அரச கழகம் எழுத்தைத் திருத்தியபோது இவ்வொலிக்கு ‘எக்ஸ்’ நீங்கி ‘ஹோத்தா’ (j) எழுத்து நிலைபெற்றது. ஹெரெஸ் என்னும் ஊரின் திராட்சை மதுவை ஆங்கிலேயர் ‘ஷெர்ரி’ என்பது, அவர்கள் அந்தப் பெயரைப் பழைய ஒலியோடு வாங்கிக்கொண்டதால்தான்.

எனவே இன்றைய ஸ்பானியத்தில் ‘ஹவியேர்’ என்பதே சரி. முதலெழுத்தை ‘பகல்’ என்னும் சொல்லில் வரும் ககரத்தைச் சற்று அழுத்தி உரசியதுபோல் ஒலிக்க வேண்டும். வகரத்தில் மேற்பல் உதட்டில் படக்கூடாது, இரண்டு உதடுகளும் நெருங்கினால் போதும். அழுத்தம் ‘யேர்’ என்னும் கடைசி அசையில் விழும். 1982 முதல் 1991 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த பெரு நாட்டவர் ஹவியேர் பெரெஸ் தெ குவேயாரின் பெயரை இப்படித்தான் சொல்ல வேண்டும். போர்ச்சுகீசியர் பழைய ‘ஷ’வை விடாமல் ‘ஷவியேர்’ என்கிறார்கள். பிரெஞ்சில் இப்பெயரின் ஈற்று ரகரம் ஒலிப்பதில்லை என்பதால் ‘க்ஸவியே’ ஆகிறது. ‘சேவியர்’ ஆங்கிலத்தின் வழியாக வந்தது.

‘சவேரியார்’ என்பதைச் சிலர் சிதைந்த வடிவம் என்று கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1542இல் கோவாவில் இறங்கிய அவர், பிறகு முத்துக்குளித்துறைக் கரையில் பணியாற்றியது போர்ச்சுகீசிய ஆதரவில். திருச்சபையின் இலத்தீனில் அவர் பெயர் ‘சவேரியுஸ்’. தமிழ் அந்த ஒலியைத் தன் சகரத்தால் ஏற்று, ‘ஆர்’ விகுதியை மரியாதைக்குச் சேர்த்துக்கொண்டது. பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்கு இசைய ஆக்குவது நம் இலக்கணத்தார் ஒப்பிய முறையே. பார்க்கப்போனால், தாயகமான ஸ்பெயின் கைவிட்ட பழைய முதலொலிக்கு இன்றைய ‘ஹவியேர்’ என்பதைவிட நம் ‘சவேரி’யே அருகில் நிற்கிறது. சவரிராயன், சவரிநாதன், சவரியம்மாள் என்று புதுவையிலும் கடலூரிலும் வழங்கும் பெயர்கள் எல்லாம் இதன் கிளைகள்.

தம்பியைச் சேவியர் என்றே அழையுங்கள். தாத்தாவின் பெயருக்குப் பொருள் விரிப்பதானால், அவர் புதுவீட்டு முத்து.