கருவிப் பெட்டியை ஒப்பந்தக்காரரிடம் வாங்காதீர்கள்

கேள்வி: எலக்ட்ரீஷியன் தொழிற்பயிற்சி முடித்த என் மகன், கடலூர் சிப்காட்டில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேரப்போகிறான். கருவிகளை அவனே கொண்டுவர வேண்டுமாம். எங்களிடம் ரூ.6,000 இருக்கிறது. நூறு கருவிகள் கொண்ட பெட்டியைத் தானே வாங்கித் தந்து சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். ஜெர்மன் கருவிதான் உழைக்கும் என்கிறார் என் தம்பி. எதை வாங்குவது? - ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் அந்தப் பெட்டியை மறுத்துவிடுங்கள், அம்மா. நூறு என்ற கணக்கில் பெரும்பகுதி சிறு பிட்டுகளும், உங்கள் மகன் தொடவே போகாத சாக்கெட்டுகளும்தான். அவன் நாள் முழுவதும் பிடிக்கப்போகும் கட்டிங் பிளேயர்தான் அந்தப் பெட்டியிலேயே மட்டமானதாக இருக்கும். விலையைச் சம்பளத்தில் பிடிக்கும்போது என்ன விலை என்று கேட்க ஆளில்லை, பில்லும் கிடைக்காது. வேலைக்கு ஆள் எடுப்பவரே கருவி விற்பதை யாரும் தட்டிக் கேட்பதில்லை என்பது எனக்கு ஆறாத கோபம். பயிற்சி நிலையங்களுக்கும் பெரும்பாலும் குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவரிடமிருந்தே கருவி வருகிறது. நல்ல பிளேயர் கையில் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள்.

உங்கள் தம்பி சொல்வது தரத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் ஜெர்மன் பிளேயர் ஒன்றிலேயே உங்கள் பணத்தில் பெரும்பங்கு கரைந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையனின் பையிலிருந்து முதலில் காணாமல் போவதும் அதுதான். தப்பாரியா போன்ற இந்தியத் தயாரிப்புகள் அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். தனித்தனியாக வாங்குங்கள். பிளேயரின் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டும் விளிம்பில் இடைவெளி தெரியக் கூடாது. ஓர் இழைச் செம்புக் கம்பியை வெட்டினால் நசுங்காமல் துண்டாக வேண்டும். ஸ்பேனரை அதே அளவு போல்ட்டில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். தளர்வாக ஆடினால் நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

ஒன்றில் மட்டும் விலை பார்க்காதீர்கள்: மின்காப்புக் கருவி. பிடியில் சிவப்பு பிளாஸ்டிக் இருந்தாலே மின்சாரம் தாக்காது என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். அது வழுக்காமல் இருக்கப் போட்ட உறையாகவும் இருக்கலாம். பிடியில் 1000 வோல்ட் என்ற அளவும், இரட்டை முக்கோணக் குறியும், ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தர எண்ணும் பொறித்திருக்க வேண்டும். அந்தத் தரத்தின்படி 10,000 வோல்ட்டில் சோதிக்கிறார்கள். ஸ்டிக்கரில் மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். பிளேயர் ஒன்றும் ஸ்க்ரூ டிரைவர் இரண்டும் இந்த வகையில் கட்டாயம் வேண்டும். உறையில் கீறல் விழுந்தால் டேப் சுற்றி ஓட்டக் கூடாது. அன்றே மாற்ற வேண்டும். இவை கையில் இருப்பதால் மின்சாரம் ஓடும் லைனில் வேலை செய்யலாம் என்று மேஸ்திரி சொன்னால், மகன் மறுக்க வேண்டும். இணைப்பைத் துண்டித்து, பூட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

புதுச்சேரியில் வரி குறைவு என்று அழைத்துப்போகும் தரகரையும் நம்பாதீர்கள். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அவர் காட்டும் விலைக்குறைவு பில் இல்லாததால் வருவது. போலிச் சரக்கும் அந்த வழியில்தான் வருகிறது. பில் இல்லாமல் உத்தரவாதமும் கிடையாது.

கடலூரின் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். மின்காப்புக் கருவிகளை முதலில் வாங்கி, மீதியில் ஸ்பேனர், கத்தி, அளவு நாடா வாங்குங்கள். ரூ.6,000 முழுவதையும் முதல் நாளே செலவழிக்க வேண்டாம். வேறென்ன தேவை என்பதை முதல் மாத வேலை காட்டும். அதுவரை ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.