என்னை யாரும் எண்ணவில்லை – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். பெரம்பூரில் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடையைத் திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி, அடுத்த வேலை ரேடியோ. இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இழுக்கும்வரை அது பாடிக்கொண்டே இருக்கும். இருபது வருஷமாக இப்படித்தான். போன மாதம் உங்கள் கட்டுரை ஒன்றில், 'சென்னையில் எந்த எஃப்.எம். முதலிடம் என்பது உண்மையில் யாருக்கும் தெரியாது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆனால் நான் கேட்கிற மூன்று ஸ்டேஷனும் 'சென்னையின் நம்பர் ஒன்' என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. மூன்றும் எப்படி நம்பர் ஒன் ஆகும்? யார் எண்ணினார்கள்? இத்தனை வருஷத்தில் என்னை ஒருவரும் வந்து கேட்டதில்லை.

இன்னொன்று. விளம்பரம் வருகிறதே என்று திருப்பினால் அடுத்த ஸ்டேஷனிலும் விளம்பரம், அதற்கடுத்ததிலும் விளம்பரம். பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்களா? கையில் கத்தரியோடு எத்தனை தடவை எழுந்துபோவது?

ஒரு வாசகர், பெரம்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எண்ணிக்கை. டிவி பார்ப்பவர்களை எண்ணிக்கொண்டிருந்த டாம் நிறுவனம் 2007இல் வானொலிக்கென்று 'ராம்' என்ற கணக்கெடுப்பைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த சிலரிடம் ஒரு டயரியைக் கொடுத்துவிடுவார்கள். எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டோம் என்று அவர்களே அதில் குறித்துவைக்க வேண்டும். மும்பை, டெல்லி, பெங்களூரு, கல்கத்தா என்று நான்கு ஊர்களில் அதை நடத்தினார்கள். சென்னை அதில் இல்லை. இந்தியாவில் முதன்முதலாக எஃப்.எம். ஒலித்த ஊர் இது, 1977 ஜூலையில், அகில இந்திய வானொலி வழியாக. கேட்பவர்களை எண்ண வந்தபோது இந்த ஊரைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அப்புறம் மிச்சமிருப்பது இந்தியன் ரீடர்ஷிப் சர்வே. பெயரைப் பார்த்தாலே தெரியும், அது பத்திரிகை படிப்பவர்களை எண்ணப் புறப்பட்ட சர்வே. வானொலி அதில் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற கேள்வி. 2019ஆம் ஆண்டுக்காக நாடு முழுக்க 3 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். அதன் கடைசி அறிக்கை 2020இல் வந்தது. அதற்குள் கொரோனாவும் வந்து, வீடு வீடாகக் கதவு தட்டும் வேலை நின்றுபோனது. இது போதாதென்று சில நிலையங்கள் தாங்களே காசு கொடுத்து ஆய்வு எடுக்கும். காசு கொடுத்தவர் தோற்ற ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை.

சரி, மூன்றும் எப்படி நம்பர் ஒன்? உங்கள் தெருவில் பத்துப் பேர் இருப்பதாக வையுங்கள். ஆறு பேர் டீக்கடையில் நின்று ஒரு நிலையத்தை ஆளுக்குப் பத்து நிமிடம் கேட்கிறார்கள். மொத்தம் 60 நிமிடம். மூன்று பேர் இன்னொரு நிலையத்தை ஆளுக்கு ஒரு மணி நேரம் கேட்கிறார்கள், 180 நிமிடம். மீதி இருப்பது கல்லூரிக்குப் போகும் ஒரு பெண். அவள் கேட்பது மூன்றாவது நிலையம். ஆள் கணக்கில் முதல் நிலையம் நம்பர் ஒன். விளம்பரக்காரர்கள் இதை 'ரீச்' என்பார்கள். நேரக் கணக்கில் இரண்டாவது நம்பர் ஒன். மூன்றாவது நிலையம் 'இளைஞர்களின் நம்பர் ஒன்', அதுவும் நூற்றுக்கு நூறு. ஒருவரும் பொய் சொல்லவில்லை. போஸ்டரின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள்: இந்த வயது, இந்தப் பிரிவு, இந்த நேரம். வானொலியில் அந்த எறும்பு வரியை யாரும் வாசிப்பதில்லை.

அந்தப் 'பிரிவு' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான். விளம்பரப் பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் மீடியா பிளானர், 'சென்னை மக்கள்' என்று கேட்கமாட்டார். 'ஏ, பி பிரிவு, இத்தனை வயதிலிருந்து இத்தனை வயது வரை' என்று கேட்பார். அந்தப் பிரிவை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? குடும்பச் செலவைப் பெரும்பாலும் தாங்குகிறவர் எதுவரை படித்திருக்கிறார் என்று பார்ப்பார்கள். அப்புறம் 11 பொருள் கொண்ட ஒரு பட்டியல். மின் இணைப்பு, ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, விவசாய நிலம். இவற்றில் உங்கள் வீட்டில் எத்தனை இருக்கின்றன? படிப்பையும் இந்த எண்ணையும் சேர்த்தால் உங்கள் எழுத்து கிடைத்துவிடும். தையல் மிஷின் அந்தப் பதினொன்றில் இல்லை. ரேடியோவும் இல்லை.

ஆக, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கிற நீங்கள் ரீச் கணக்கில் ஒரே ஒரு ஆள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோவில் அரைப் பாட்டுக் கேட்டவரும், கேட்டேன் என்று சொன்னால், ஒரே ஒரு ஆள். அவர் சரியான வயதிலும் சரியான எழுத்திலும் இருந்துவிட்டால் உங்களைவிட அவருக்குத்தான் மவுசு. ஒரே பாட்டு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இதுதான். பாட்டுப் பட்டியல் போடுகிறவர் மனதில் இருப்பது கோயம்பேட்டிலிருந்து கிண்டி வரை போகிற வண்டிக்காரர். அவர் இறங்குவதற்குள் ஒரு ஹிட் பாட்டு காதில் விழுந்தாக வேண்டும். நாள் முழுக்கக் காஜா எடுத்துக்கொண்டு கேட்கிறவரை நினைத்தால் அந்தப் பட்டியலைப் போடவே முடியாது.

பாட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்பதும் நியாயமான கேள்விதான். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லக்கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்தது. 2003இல் சூரியனும் மிர்ச்சியும் இங்கே வந்தன. 2006இல் சிட்டி, பிக், ஹலோ என்று வரிசையாக வந்தன. கடை கூடியது, சரக்கு அதே சினிமாப் பாட்டு. ஆகவே ஆர்.ஜே.யின் குரல் ஒன்றுதான் வித்தியாசம். அதனால்தான் அவர்களைக் கொத்திக்கொண்டு போவதற்கு அத்தனை போட்டி.

நிலையத்தின் பெயரை ஏன் இப்படி உரு ஏற்றுகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். டயரியோ கேள்வித்தாளோ, இரண்டுமே காதை அளப்பதில்லை, ஞாபகத்தை அளக்கின்றன. 'நேற்று எந்த நிலையம் கேட்டீர்கள்?' என்றால் வாயில் முதலில் வரும் பெயருக்குத்தான் மார்க். உண்மையில் கேட்டது வேறொன்றாக இருந்தாலும் சரி. நம் ஊரில் இது வேலை செய்திருக்கிறது. இங்கே அப்பா பெயர்தான் இனிஷியல். மிர்ச்சி சிவாவுக்கு மட்டும் வானொலி நிலையம் இனிஷியலாக வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் சினிமாவுக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது, இனிஷியல் கூடவே போகிறது. எந்த விளம்பர ஏஜென்சியும் காசு கொடுத்து வாங்க முடியாத விஷயம் இது.

இப்போது உங்கள் கத்தரிக்கோல் பிரச்சினை. விளம்பரத்தை எந்த நிமிடத்தில் போடுவது என்ற கணக்கு அமெரிக்காவில் பிறந்தது. அங்கே வானொலி கேட்பவர்களை எண்ணிய ஆர்பிட்ரான் என்ற நிறுவனம் ஒரு நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டியது. ஒரு கால் மணியில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டால் அந்தக் கால் மணி முழுவதையும் கேட்டதாகக் கணக்கு. இதைப் பார்த்ததும் நிலையத்துக்காரர்களுக்குப் புத்தி வேலை செய்தது. எட்டிலிருந்து எட்டு பன்னிரண்டு வரை பாட்டு. முதல் கால் மணி கைக்கு வந்தாயிற்று. எட்டு பன்னிரண்டிலிருந்து எட்டு பதினெட்டு வரை விளம்பரம். எரிச்சலில் திருப்பியவர் எட்டு பதினெட்டுக்குத் திரும்பி வந்தாலும் அடுத்த கால் மணியில் அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருக்கிறது. அதுவும் கைக்கு வந்தாயிற்று. விளம்பரத்தைக் கால் மணிக் கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். ஒருவருக்குத் தெரிந்த கணக்கு எல்லோருக்கும் தெரியும், எனவே எல்லோருடைய விளம்பரமும் அதே கோட்டில்.

நான் விளம்பரம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கத்திய நிலையங்களின் சுவரிலும் அந்தக் கணக்குப்படி வரைந்த வட்டப்படத்தைப் பார்த்திருக்கிறேன், ஒரு மணி நேரத்தைத் தோசை மாதிரித் துண்டு போட்டிருப்பார்கள். எண்ண ஆளில்லாத ஊரில், எண்ணுகிற ஊரின் தோசை. கூடவே இன்னொரு பயமும் உண்டு. சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று சரியாக 0.8 இடைவெளி விட்டு, அளவு டேப் பிடித்தாற்போல நிலையங்கள் நிற்கின்றன. விரலை ஒரு நூல் நகர்த்தினால் எதிரி கடை. நான் விளம்பரம் போடும் நேரத்தில் அவன் பாட்டுப் போட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நகரத்தில் வானொலியை விடாமல் கேட்பவர்கள் இன்னொரு வானொலியில் வேலை செய்பவர்கள்தான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

இத்தனைக்கும், உள்ளூர் விளம்பரம் கொடுக்கிற முதலாளிகள் இந்த எண் எதையும் நம்பி நான் பார்த்ததில்லை. தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் எழுதினேன். பத்து செகண்டுக்கு இவ்வளவு என்று ரேட் பேசும்போது நிலையத்தின் ஆள் கலர் கலராகப் படங்களைக் காட்டினார். முதலாளி அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு டிரைவரைக் கூப்பிட்டு, "நீ வண்டியில எதுடா போடுவே?" என்று கேட்டார். டிரைவர் சொன்ன நிலையத்துக்கே பணம் போயிற்று. பெயர் வேண்டாம். காலை எட்டு மணிக்கு என்று பேசிய ஸ்பாட் எட்டு மணிக்கு வரவே இல்லை. விடிகாலை ஐந்தரைக்குப் போட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தது முதலாளியின் அம்மா. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாராம். மறுநாளும் உட்கார்ந்து கேட்டு, நேரத்தைக் காலண்டரில் குறித்துவைத்திருந்தார். நான் பார்த்த நம்பகமான வானொலிக் கணக்கெடுப்பு அது ஒன்றுதான். பணத்தில் பாதி திரும்பி வந்தது, மீதிக்குத் தீபாவளிக்கு இலவச ஸ்பாட்.

உங்களை ஏன் யாரும் கேட்கவில்லை என்ற கேள்வி பாக்கி. ரீடர்ஷிப் சர்வேக்காரர்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள், கடைக்கு வரமாட்டார்கள். ஒன்பதரைக்கு ஷட்டரை இழுக்கிறவரை அவர்கள் வீட்டில் பிடிப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருங்கள். தப்பித்தவறி யாராவது வந்து, நேற்று எதைக் கேட்டீர்கள் என்றால் மூன்றின் பெயரையும் சொல்லிவிடுங்கள். மூன்று பேரும் நம்பர் ஒன்னாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.