வாசகர் கேள்வி – பதில்: வாசலுக்கு வரும் தேன்சிட்டு

கேள்வி: அம்மா தவறி ஆறு மாதமாகிறது. வேலைக்குப் போய் வருகிறேன், ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. கனடாவிலிருக்கும் தங்கச்சி, வீட்டுக்குப் பின்னால் ஹம்மிங்பேர்ட் வந்து சீனித் தண்ணி குடிப்பதை வீடியோ எடுத்து அனுப்புகிறாள். அதைப் பார்த்தால் கொஞ்சம் தேறுகிறது. எங்கள் லயத்து வாசலுக்கும் அந்தக் குருவியை வரவழைக்கலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நமக்கு வாய்த்தது தேன்சிட்டு. அது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். அந்தரத்தில் நிற்பதெல்லாம் ஒரு கணம்தான்.

தங்கச்சி வீட்டில் தொங்குவது ஒரு பங்கு வெள்ளைச் சீனி, நாலு பங்கு தண்ணீர். சாயம் கூடாது, தேனும் கூடாது, சீக்கிரம் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் நாளில் இரண்டு நாளுக்கொரு தடவை கழுவி மாற்ற வேண்டும். சோர்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த வேலையை நாங்கள் சொல்ல மாட்டோம். நாலு நாள் கழுவ மனமில்லாமல் விட்டால் எறும்பும் கெட்ட தண்ணியும் மிஞ்சும், கூடவே "இதைக்கூடச் செய்ய முடியவில்லையே" என்ற நினைப்பும் வரும். செடியென்றால் நீங்கள் மறந்தாலும் பூக்கும்.

அடுக்குப் பூ வேண்டாம். ஐந்து இதழ் சிவப்புச் செவ்வரத்தை போதும். பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில் கொப்பு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மழை தொடங்கும்போது நடுங்கள். தண்ணீர் தேங்கினால் வெட்டுவாய் அழுகிவிடும். வேர் விட்டதா என்று இழுத்துப் பார்ப்பதில்தான் பாதிக் கொப்பு சாகிறது. பக்கத்தில் ஒரு கல்வாழைக் கிழங்கும் வையுங்கள், அது முந்திப் பூக்கும். பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். தேன்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பதினைந்து நிமிடம், தினமும் ஒரே நேரத்தில், வாசலில் உட்காருங்கள். "மனம் வந்தால் உட்காருவேன்" என்று இருக்காதீர்கள். மனச்சோர்வில் விருப்பம் முதலில் வராது. வேலையைத் தொடங்கிய பிறகுதான் மெல்ல வரும். குருவியைவிட, காலை வெளிச்சத்தில் எழுந்து வந்து உட்காருவதில்தான் பலன் அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

பார்ப்பதற்கும் விஷயம் உண்டு. ஊதாப்பிட்டத் தேன்சிட்டில் ஆணுக்குத் தொண்டை ஊதா, நெஞ்சில் கருஞ்சிவப்புப் பட்டை, வயிறு மஞ்சள். பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை. அலகு மிக நீண்டு நன்றாக வளைந்திருந்தால் அது வேறு இனம். செவ்வரத்தையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறு கீறல் இருந்தால், வாய்ப்பக்கம் போகாமல் அடியைத் துளைத்துத் தேனைத் திருடியிருக்கிறது! மகரந்தம் அப்படியே கிடக்கும். கண்ணில் வெள்ளை வளையத்தோடு கூட்டமாக வருவது வெள்ளைக்கண்ணி, அதுவும் தேன் குடிக்கும்.

தென்மேற்குப் பருவத்தில் நாள்கணக்கில் பனிமூட்டமாக இருக்கும். மழை விட்ட சிறு இடைவெளியில்தான் குருவி அவசரமாக வரும். வராத நாளில் "வரவில்லை" என்று கொப்பியில் எழுதிவிட்டு எழுந்து போங்கள்.

துக்கம் ஆறு மாதத்தில் ஆறிவிட வேண்டும் என்ற கணக்கு கிடையாது. ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக அநேகமாகத் தினமும் மனம் கனத்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் வைத்தியரைப் பாருங்கள். குருவி பார்ப்பது அதற்கு மாற்று அல்ல. மருந்து தந்தால் பலன் தெரியச் சில கிழமை ஆகும், நீங்களாக நிறுத்த வேண்டாம். "இருந்து என்ன" என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காமல் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

கேள்வி: கோப்பிச் செடியில் விரலளவு ஹம்மிங்பேர்ட் ஒன்றைக் கண்டேன், சத்தியமாக!
– வாசகர், பண்டாரவளை

பதில்: கண்டது அந்துப்பூச்சி. தலையில் இரண்டு உணர்கொம்பு இருந்திருக்கும், அலகு போலத் தெரிந்தது சுருட்டி வைக்கும் உறிஞ்சுகுழல். இறக்கை கண்ணாடி போலிருந்தால், அதன் புழு உங்கள் கோப்பி இலையைத் தின்று வளர்ந்ததாகவே இருக்கலாம்.

கேள்வி: தேன்சிட்டு ஒன்று காலை முழுதும் யன்னல் கண்ணாடியைக் கொத்துகிறது. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் மாமியார் கெட்ட சகுனம் என்கிறார்.
– வாசகி, பதுளை

பதில்: ஆண் குருவி தன் நிழலுருவைப் போட்டிக்காரன் என்று நினைத்துச் சண்டை பிடிக்கிறது, கூடு பக்கத்தில் இருக்கலாம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பழைய பத்திரிகையை ஒட்டுங்கள். உள்ளே திரை போட்டால் நிழலுரு இன்னும் தெளிவாகத் தெரியும், சண்டையும் கூடும். பிறகு உடுப்புக் கொடியையும் தாழ்ந்த கிளைகளையும் மாமியாரோடு தேடுங்கள். நாரும் சருகும் சிலந்தி வலையில் ஒட்டிய தொங்கு பை, வாசலுக்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரம். முட்டை பொரிக்கப் பதினைந்து நாள் அளவில் எடுக்கும். குஞ்சு பறந்து போகும்வரை அந்தக் கொடியில் துணி காயப்போட வேண்டாம்.