வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: நிமோனியா ஒன்றா, பலவா?

இம்மாதம் நிமோனியா பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை எங்கள் மருத்துவக் குழு எடுத்துக்கொண்டது.

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. திடீரென்று குளிர்நடுக்கம் வந்து, துரு நிறத்தில் சளி துப்பினார். மருத்துவமனையில் பென்சிலின் வகை மருந்தை ஊசி வழியாகக் கொடுத்தார்கள், மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. அடுத்த மாதம் என் மகனுக்கு (12) வறட்டு இருமல். எக்ஸ்ரேயில் அவனுக்கும் நிமோனியா. அமாக்சிசிலின் ஐந்து நாள் கொடுத்தும் குறையாமல், வேறு மருந்துக்கு மாற்றிய பிறகே தேறினான். ஒரே நோய்க்கு ஏன் இரண்டு மருந்து?
– வாசகி, ஈசூன்

பதில்: இரண்டும் ஒரே நோய் அல்ல, அம்மா. நுரையீரலின் காற்றறைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் அணுக்களும் நிரம்பிவிட்டன என்பதை மட்டுமே ‘நிமோனியா’ என்ற சொல் சொல்கிறது. எந்தக் கிருமியால் என்று அது சொல்வதில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திட்டிலும் கிருமி கொஞ்சம்தான். பெரும்பகுதி, அதை எதிர்க்க உடம்பு அனுப்பிய அணுக்களும் கசிந்த நீரும்.

மாமனாரின் அறிகுறிகள் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பொருந்துகின்றன. காற்றறையில் எப்போதும் காவலிருக்கும் பெருவிழுங்கி அணுக்கள்தான் இதை முதலில் எதிர்கொள்கின்றன. அவற்றால் சமாளிக்க முடியாதபோது வேதிச் செய்தி அனுப்பி, இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. சில மணி நேரத்தில் அவை கூட்டமாகக் காற்றறைக்குள் இறங்குகின்றன. இரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்து சிவப்பணுக்களும் கசிவதால்தான் சளிக்குத் துரு நிறம். நியூட்ரோஃபிலில் உள்ள ஒரு நொதியே பச்சை நிறம், அதனால் சளி பச்சையாக வருகிறது. ஆனால் சாதாரண வைரஸ் சளியும் பச்சையாகலாம். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். நிமோகாக்கஸ் வழுவழுப்பான சர்க்கரை உறை போர்த்தியது. எதிர்ப்புப் புரதங்கள் அதன்மேல் ஒட்டினால்தான் வெள்ளணுக்களுக்குப் பிடி கிடைக்கும். இரத்தத்தில் கலந்த கிருமியை வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. மண்ணீரலை அகற்றியவர்கள் நிமோகாக்கஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது.

மகனுடையது பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் அடிக்கடி காண்பது. அமாக்சிசிலின் உள்ளிட்ட பென்சிலின் குடும்ப மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்து அதைக் கொல்கின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்கோ செல்சுவரே கிடையாது! ஐந்து நாளல்ல, ஐம்பது நாள் கொடுத்தாலும் அமாக்சிசிலின் வேலை செய்யாது. அஸித்ரோமைசின் போன்றவையே வேண்டும். அதற்கும் அடங்காதபோது டாக்சிசைக்கிளினை மருத்துவர் யோசிப்பார். இந்தக் கிருமி மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தொல்லையில் பெரும்பகுதி உடம்பின் எதிர்வினையால் வருவது. சிலருக்கு, அதை எதிர்க்க உருவான புரதங்கள் சொந்தச் சிவப்பணுக்களிலேயே ஒட்டிவிடும். அப்படிப்பட்டவரின் இரத்தத்தை, உறையாமலிருக்க மருந்திட்ட குழாயில் எடுத்து, பனிக்கட்டி நீரில் சற்று நேரம் வைத்துச் சாய்த்துப் பாருங்கள்: குழாயின் உட்சுவரில் சிவப்பு ரவை தூவினாற்போல் திப்பி திப்பியாக நிற்கும். உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினால் மறைந்துவிடும். பழைய மருத்துவர்கள் படுக்கையருகிலேயே செய்த சோதனை இது. இப்போது தொண்டைச் சளியில் பிசிஆர் பார்க்கிறார்கள்.

கேள்வி: அப்பாவின் சிஆர்பி (இரத்தச் சோதனை) மருத்துவமனையில் சேர்த்த அன்று 180, மறுநாள் 210. மருந்து பலிக்கவில்லை என்றுதானே பொருள்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: இல்லை. ஒரு நாள் கணக்கை வைத்து அப்படி முடிவுகட்டக் கூடாது. சிஆர்பி கிருமியின் அளவு அல்ல, நுரையீரலிலிருந்து வந்த செய்தியைக் கேட்டுக் கல்லீரல் செய்யும் புரதம். 1930இல் நிமோகாக்கஸ் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான் இதை முதலில் கண்டார்கள். செய்தி கிடைத்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், உச்சம் தொட ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். கிருமி சாகத் தொடங்கிய பிறகும் சிஆர்பி ஏறிக்கொண்டிருக்கலாம். உற்பத்தி நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே மூன்றாம், நான்காம் நாள் எண்ணைப் பாருங்கள். முதல் நாள் அளவில் பாதிக்குக் கீழே வரவில்லையென்றால், ‘நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டியிருக்கிறதா, மருந்து பொருந்தாத கிருமியா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

புரோகால்சிடோனின் என்ற இன்னொரு சோதனையும் உண்டு. பாக்டீரியாத் தொற்றில் அது ஏறும். வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் அதை ஏறவிடாமல் அடக்கும். பார்க்க அழகான பிரிவினைதான், ஆனால் விதிவிலக்குகள் உண்டு. எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியானால், இந்த எண் குறைவு என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடுவதில்லை. வயதானவர்களுக்கு ஒரு குறிப்பு: எதிர்ப்புச் சக்தி மந்தமாகிவிட்டால் காய்ச்சலே வராது. திடீர்க் குழப்பம், சாப்பாடு இறங்காமை, கால் தடுமாறி விழுதல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

கேள்வி: சளிக்காய்ச்சல் நான்காம் நாள் விட்டது. ஆறாம் நாள் மறுபடி காய்ச்சல், நெஞ்சு வலி. வைரஸ் திரும்பிவிட்டதா?
– வாசகி, பிடோக்

பதில்: இந்தப் பதிலை நிதானமாகப் படித்துக்கொண்டிராமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள். இடையில் தேறி மீண்டும் காய்ச்சல் வந்தால் முதல் சந்தேகம் பாக்டீரியா மேல்தான், வைரஸ் மேல் அல்ல. சளிக்காய்ச்சல் வைரஸ் மூச்சுக்குழாய்ச் சுவரின் செல்களுக்குள்ளேயே நுழைந்துவிடுவதால், உடம்பு வேறு வழியைக் கையாள்கிறது: இன்டர்ஃபெரான் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது, சுமார் ஒரு வாரத்தில் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து தொற்றிய செல்களையே கொல்கின்றன. சளியைப் பெருக்கித் தள்ளும் மயிரிழைகள் அதில் உதிர்ந்துபோகின்றன. இன்டர்ஃபெரான் ஓங்கியிருக்கும் அந்த நாட்களில் பெருவிழுங்கிகளும் நியூட்ரோஃபில்களும் பாக்டீரியாவிடம் சுணங்கிவிடுகின்றன. மூக்கில் சாதுவாக இருந்த நிமோகாக்கஸோ ஸ்டஃபைலோகாக்கஸோ அந்த இடைவெளியில் கீழே இறங்குகிறது. 1918 சளிக்காய்ச்சல் பெருந்தொற்றில் மாண்டவர்களில் பெரும்பாலோரின் நுரையீரலில் இத்தகைய பாக்டீரியா நிமோனியாவே இருந்தது.

உட்கார்ந்த நிலையில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 30ஐத் தொட்டாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள்.

கேள்வி: கொவிட்-19 காலத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது. வீட்டில் மீதமிருக்கும் ஸ்டீராய்டை நெஞ்சுச் சளிக்குப் போடலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: கூடாது. 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், தினம் 6 மில்லிகிராம் பத்து நாள் வரை கொடுத்தபோது பலன் கண்டவர்கள் உயிர்வாயுவோ செயற்கைச் சுவாசமோ தேவைப்பட்டவர்கள். உயிர்வாயு தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. கிருமி பெருகும் முதல் நாட்களில் ஸ்டீராய்டால் உடம்பின் எதிர்ப்பை அடக்கினால் அதற்கு வழிவிட்டதாகிவிடும். சளிக்காய்ச்சல் நிமோனியாவுக்கு ஸ்டீராய்டைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

கேள்வி: எனக்கு நீரிழிவு. சமூகத் தோட்டத்தில் மண் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் மண்ணிலிருந்து நிமோனியா வருமாமே?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வரும். அதன் பெயர் மெலியாய்டோசிஸ். கிருமி நம் சிங்கப்பூர் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, பெருமழைக்குப் பின் நோயாளிகள் கூடுகிறார்கள். சர்க்கரை கூடினால் நியூட்ரோஃபில்கள் மெல்ல நகர்கின்றன, விழுங்கியதைக் கொல்லவும் திணறுகின்றன. இந்தக் கிருமியோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடு பெருகக்கூடியது. அதனால் சிகிச்சை நீளம்: குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் ஊசி, பிறகு சுமார் மூன்று மாதம் மாத்திரை. பாதியில் நிறுத்துவோருக்கு அது திரும்பி வருகிறது. வேலையின்போது ரப்பர் கையுறையும் பூட்ஸும் போடுங்கள், காயத்தை நீர்புகாத பிளாஸ்டரால் மூடுங்கள், கனமழையிலும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும்போதும் மண்ணருகே நிற்காதீர்கள். காய்ச்சலோடு பலதுறை மருந்தகத்துக்குப் போனால், ‘எனக்கு நீரிழிவு, மண்ணில் கைவைக்கிறேன்’ என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இது காசநோய் போலவும் தோன்றும். இரத்தத்தையும் சளியையும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.