வெப் டிசைனர் கேள்வி-பதில்: பாப்பின்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை!

இன்னும் ஒரு வாடிக்கையாளர்கூட அமையவில்லை. பெரிய ஓடிடி தளம் ஒன்றையும் டாக்ஸி ஆப் ஒன்றையும் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் மாற்றி வடிவமைத்து போர்ட்ஃபோலியோவில் (வேலை மாதிரித் தொகுப்பில்) வைத்திருக்கிறேன். போதுமா? – எஸ்.வி., ஈரோடு

இரண்டையும் எடுத்துவிடுங்கள். வேலை தேடும் எல்லோரிடமும் அதேதான் இருக்கிறது. உங்கள் ஊர் ஜவுளி மொத்த வியாபாரி அதைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்? அவருக்கு வேண்டியது ரகம், அளவு, குறைந்தபட்ச ஆர்டர், ஜிஎஸ்டி எண், வாட்ஸ்அப் பொத்தான். இவற்றை வைத்து ஒரு மாதிரித் தளம் செய்து, நிஜ டொமைனில் (இணைய முகவரியில்) ஏற்றுங்கள். ‘மாதிரி’ என்று அதிலேயே போட்டுவிடுங்கள். ஒரே தொழிலுக்கு இப்படி மூன்று தளம் போதும். அவர் போனில் திறந்து பார்ப்பார், ஃபிக்மா இணைப்பைத் திறக்க மாட்டார்.

தெரிந்தவர்களிடமும் அட்வான்ஸ் கேட்கலாமா? – ஆர்.கே., நாமக்கல்

பாதித் தொகை. தெரிந்தவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

நான் 25,000 சொன்னால், பக்கத்துத் தெருவில் 6,000-க்குச் செய்கிறார்கள் என்று போய்விடுகிறார்கள். – ஜே.எம்., மதுரை

போகட்டும். 6,000-க்குக் கிடைப்பது ரெடிமேட் தீமில் (முன்பே செய்துவைத்த தள வடிவமைப்பில்) லோகோவை மாற்றித் தருவது. அதோடு உங்களுக்கு என்ன போட்டி? கோளாறு உங்கள் கொட்டேஷனில்தான். ‘வெப்சைட் – 25,000’ என்று ஒற்றை வரியில் அனுப்பினால், ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் விலையைத் தவிர வேறென்ன இருக்கிறது?

எத்தனை பக்கம், வாசகங்களை எழுதுவது யார், போட்டோ யாருடையது, திருத்தம் எத்தனை சுற்று (இரண்டு போதும்), அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, ஒப்படைத்த பின் எத்தனை நாள் பிழைதிருத்தம் என்று பிரித்து எழுதுங்கள். டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர்) கட்டணம் தனி வரியில் வரட்டும். வேலை இழுப்பது பெரும்பாலும் ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு நாலு வரி வராததால்தான். ஆகவே, விவரம் 15 நாளில் வராவிட்டால் வேலை நிறுத்தி வைக்கப்படும் என்று சேர்த்துவிட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ வந்தாலும் சரி.

தளம் தமிழில் வேண்டும் என்கிறார்கள். தமிழைப் போட்டதும் டிசைனே அசிங்கமாகிவிடுகிறது. ஆங்கிலமே போதும் என்று சொல்லிச் சமாளிக்கலாமா? – டி.எஸ்., கோவை

சமாளிக்காதீர்கள். கூட்டத்தில் தனித்துத் தெரிய வழி கேட்டு வாராவாரம் கடிதம் வருகிறது. வழியே உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, நீங்கள் கதவைச் சாத்தப் பார்க்கிறீர்கள்.

அசிங்கமாவதற்குத் தமிழ் காரணமில்லை. ஆங்கிலத்துக்கு வெட்டிய சட்டையைத் தமிழுக்குப் போட்டுவிட்டீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது பாப்பின்ஸ் எழுத்துரு. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. பிரவுசர் கைக்குக் கிடைத்த எழுத்துருவைப் போடுகிறது: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ. போனுக்குப் போன் முகம் மாறுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரான், ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். ஒன்றை எடுங்கள், இரண்டு எடை (எழுத்தின் தடிமன்) போதும். ஏற்றாத எடையைக் கேட்டால் பிரவுசர் தானாகத் தடித்து, சுழிகளை அடைத்துவிடும். சாய்வெழுத்தும் வேண்டாம், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது தனியாக இல்லை.

வரி உயரம் அடுத்தது. ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்தளவைப் போல 1.1 மடங்கு வைக்கிறீர்கள். தமிழில் அது ‘கி’யின் கொக்கியையும் ‘மு’வின் வாலையும் முட்டவைக்கும், பெட்டி ஓரத்தில் வெட்டவும் செய்யும். தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7 அளவில் தொடங்குங்கள். எழுத்து இடைவெளியைக் குறைக்கும் மைனஸ் எண் தீமில் இருந்தால் பூஜ்யமாக்குங்கள். பொத்தானுக்கு நிலையான அகலம் கூடாது: ‘சப்மிட்’ அடங்கிய இடத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது. ‘அனுப்பு’ என்று எழுதினால் அந்தச் சிக்கலும் இல்லை, தமிழும் நன்றாக இருக்கும்.

எல்லாவற்றிலும் மோசம், அச்சகத்திலிருந்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்த வாசகத்தை அப்படியே ஒட்டுவது. பாமினி எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், கூகுளுக்கும் குப்பைதான். எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை வாசியுங்கள். அதற்குச் சோம்பி வாசகத்தையே படமாக ஏற்றுகிறவர்களும் உண்டு. அதைத் தேட முடியாது, காப்பி எடுக்க முடியாது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டாது, போனில் பெரிதாக்கினால் மங்கும். பக்கத்தின் மொழிக் குறியீடு ஆங்கிலம் என்றே கிடப்பதையும் மாற்றுங்கள். இவ்வளவும் ஒரு நாள் வேலை. செய்கிறவர்கள்தான் குறைவு.

ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் கிக் (வேலை விளம்பரம்) போட்டு ஆறு மாதமாகிறது. ஒரு ஆர்டரும் இல்லை. ஏன்? – பெயர், ஊர் இல்லை

என்ன கிக், யாருக்கு, என்ன விலை? மூன்றையும் எழுதவில்லை. அங்கேயும் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ‘எல்லா வகை வெப்சைட்டும் செய்வேன்’ என்பதை எடுத்துவிட்டு, ‘வேர்ட்பிரஸ் தளத்தின் வேகத்தைச் சரிசெய்வேன்’ போல ஒரே வேலையைப் போடுங்கள். உங்கள் வரவில் 20 சதவீதத்தை ஃபைவர் எடுத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் வைத்து விலை சொல்லுங்கள்.

தளத்தின் வேகப் பரிசோதனையில் 100-க்கு 100 வந்தால்தான் பணம் என்கிறார் வாடிக்கையாளர். – பி.ஏ., சேலம்

100 தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளை அவரே ஒரு சாட் விட்ஜெட்டை (அரட்டைப் பெட்டியை)ச் சேர்த்தால் மதிப்பெண் சரியும். கூகுள் நல்லது என்று சொல்லும் எல்லை: முக்கியப் படமோ வாசகமோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவினாடிக்குள் பதில் வேண்டும், ஏறும்போது பக்கம் குதிக்கும் அளவு (சிஎல்எஸ் என்ற மதிப்பு) 0.1-ஐத் தாண்டக் கூடாது. இவற்றைச் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது முகப்புப் படம். 3 எம்பி பிஎன்ஜியை வெப்பி (WebP) என்ற சிறிய ஃபைல் வடிவமாக்கி 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் லேஸி லோடு (படத்தைத் தாமதித்து ஏற்றும் முறை) கூடாது. போட்டால் முதலில் வரவேண்டியது கடைசியில் வரும்.

டொமைனை என் பெயரில் பதிந்து வைத்தால் வாடிக்கையாளர் விட்டுப் போக மாட்டார் என்கிறார் நண்பர். – வி.பி., திருச்சி

நண்பரை மாற்றுங்கள். டொமைன் வாடிக்கையாளர் பெயரில், அவர் மின்னஞ்சலில், அவர் கார்டில் இருக்கட்டும். உங்களுக்கு நிர்வாக அனுமதி மட்டும் போதும், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

லோகோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், மங்கலாக இருக்கிறது. – எல்.என்., கரூர்

விசிட்டிங் கார்டு அடித்த அச்சகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே அச்சு வடிவமைப்புக்கான கோரல்டிரா ஃபைல் இருக்கும். அதைப் பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜியாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.